பொருந்தாத எண்ணூறு கோடி

– சிரிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.

– சிரிச்சேன். அவர் நாட்டுத் தொகையில ஒரு சைபரைக் கூடுதலாப் போட்டுட்டு, ஒரு நிமிஷம் உலகத்துலயே பணக்கார நாடு நாங்கதான்னார். சிரிப்பு வந்துச்சு. ஆபீஸ்ல சிரிக்கக் கூடாதுன்னு சட்டமா?

– வாரத்துல ரெண்டு நாள், ஒன்றரை மணி நேரம் வீடியோ கால், திரை பூரா அந்த நீலச் சட்டைக்காரன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கேன். கட்டின புருஷன் ஜோக் சொன்னா மட்டும் உனக்குக் கொட்டாவி வருது.

– நீங்க பதினோரு வருஷமா ஒரே ஜோக்கைச் சொல்றீங்க. இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க. நல்லா இழுத்து.

– பிடிச்சுட்டுதான் இருக்கேன். ஆமா, கம்பளிச் சட்டையெல்லாம் எதுக்கு வெயில்ல போட்டு எடுத்திருக்க? இப்ப என்ன குளிரா?

– பெட்டியிலயே கிடந்தா பூச்சி அரிக்கும்.

– அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?

– ஒரே ஆபீஸ்ல இருந்துட்டுத் தெரியாத மாதிரி கேக்கறீங்களே. நம்ம கம்பெனிங்க போன வருஷம் அவர் நாட்டுல ஆறாயிரம் கோடி முதலீடு பண்ணினதா நாம எழுதியிருக்கோம். வந்தது ஆறாயிரத்து எண்ணூறுன்னு அவங்க எழுதியிருக்காங்க. ஏழு நாட்டு ஒப்பீட்டுல மத்த ஜோடியெல்லாம் ஓரளவு பொருந்திருச்சு. எங்களோடது மட்டும்தான் இடிக்குது.

– ஜோடியாம்! பாத்தியா, வாயில எவ்வளவு சுலபமா வருது.

– ஐயோ, அது படிவத்துல இருக்கிற வார்த்தைங்க. நீங்க தயார் பண்ணின படிவம்.

– எண்ணூறு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எவனோ பணத்தை நடுவுல வேற நாட்டுக் கிளைக்கு அனுப்பி, அங்கருந்து அவன் நாட்டுக்குத் திருப்பி விட்டிருப்பான். பணம் முதல்ல போய் இறங்கின நாட்டை நாம எழுதுவோம். அவங்க சொந்தக்காரன் யாருன்னு தோண்டிப் பாத்து எழுதுவாங்க. இவ்வளவுதானே விஷயம்? இதுக்கு எட்டு மாசமா குசலம் விசாரிக்கணுமா?

– கப்பல் கட்டுற கம்பெனிதான், அது எனக்கும் தெரியும். ஆனா அந்தக் கம்பெனி எழுத்துல ஒத்துக்கிட்டாதான் திருத்த முடியும். கம்பெனிங்க பதிலெல்லாம் உங்க மேஜைக்குத்தானே வரும்?

– வரும்.

– நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

– பேச்சை மாத்தாத. அவன் தலைவலின்னா மாத்திரை பேர் சொல்ற. நான் காய்ச்சல் நூத்திரண்டுன்னா, புள்ளிக்கு அப்புறம் என்னன்னு கேட்டவதானே நீ?

– விளையாட்டுக்குக் கேட்டேங்க. ராத்திரி பூரா நெத்தியில ஈரத்துணி போட்டது யாராம்?

– வயிறு எரியுதுடி. ஆமா, பொறாமைதான், இப்ப என்ன? எங்கிட்ட மாசக் கடைசி, பால் பாக்கின்னு பேசற. அங்க போனா உன் குரலே வேற மாதிரி இருக்கு.

– உக்காருங்க. நேத்து டைரக்டர் அம்மா கூப்பிட்டாங்க. கெடு முடியுது, கம்பெனி பதிலும் வந்த பாடில்ல, இங்கருந்து பேசிப் பிரயோஜனமில்லைன்னாங்க. நீயே போய் ஒரு வருஷம் அவங்க ஆபீஸ்ல உக்காந்து ரெண்டு பக்கத்தையும் சேத்து எழுதிட்டு வான்னுட்டாங்க.

– அவங்க ஆபீஸ்லயா? அவன் பக்கத்துலயா?

– எதிர் மேஜையாம்.

– நீ என்ன சொன்ன?

– சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்னேன்.

– இரு, இரு. பதில் வந்துட்டா போக வேண்டாம்தானே? கோவப்படாம கேளு. அது வந்திருச்சு. மூணு வாரமாச்சு.

– ஓஹோ.

– கெடு தாண்டினா இந்த வேலையை உங்கிட்டருந்து பிடுங்கி நம்ம ஆபீஸ் மொட்டைக் கணக்கர்கிட்ட குடுத்துருவாங்கன்னு நெனச்சேன். நீலச் சட்டை வாரம் ரெண்டு நாள் அந்த மொட்டையைப் பாத்துச் சிரிக்கட்டும்னு இருந்துச்சு. புத்தி கெட்டுப் போச்சு. திங்கக்கிழமை முதல் வேலையா அந்தக் கவரைக் கொண்டு போய் டைரக்டர் மேஜையில வெச்சுடறேன். தபால் தாமதம்னு சொல்லிக்கலாம். சரியா? சரின்னு சொல்லேன்.

– அது உங்க கீழ் டிராயர்ல, பழைய டைரிக்கு அடியில இருக்கு. போன வாரம் குண்டூசி தேடும்போது பாத்தேன்.

– பாத்தியா? பாத்துட்டா ஒரு வார்த்தை கேக்காம இருந்த?

– கேட்டேனே. நேத்து நாலு மணிக்குக் கூட உங்க மேஜைக்கு வந்து, பதில் வந்துச்சான்னு கேட்டேன். என் முகத்தைப் பாத்து வரலைன்னீங்க. அந்தக் கம்பளியை இப்படிக் குடுங்க. நாலரைக்கு டைரக்டர் அம்மாகிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.