கோட்டிக்காரன் என்று கூப்பிட்டது யாரை?

ஆடிச் சாரலுக்கும் அசையாமல், அடுத்தடுத்து வந்த ஆறு சொற்பொழிவுகளுக்கும் அயராமல் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், அரிசி ஆலை அதிபர் முத்துக்குமாரசாமி அண்ணாச்சி அவர்களே! தலையிலே ஏழு தையலோடும் தளராத தைரியத்தோடும் வந்திருக்கும் பூட்டுச் சின்ன வேட்பாளர் காந்திமதிநாதன் அவர்களே! பைத்தியத்துக்கு அறிகுறி ஏழு என்று அச்சடித்து, என் சட்டைப் பையிலும் ஒன்றைத் திணித்த ஓமியோபதி டாக்டர் சிவசுப்பிரமணியன் அவர்களே! ஒரே குடைக்குள் மூன்று பிள்ளைகளை நனையாமல் வைத்திருக்கும் தாய்மார்களே! தேரடிப் படியில் இடம் பிடித்த பெரியவர்களே! சோடாக் கடை ஓரத்து வாலிபச் சிங்கங்களே! உங்களுக்கு மட்டும் கொஞ்சம் எட்டி நின்று வணக்கம் சொல்லுகிறேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமிருந்துதானே பாட்டில் பறந்தது.

நான் வக்கீல் குமாஸ்தா வேல்சாமி. 'சொல்லருவி' என்று பட்டம் கொடுத்தது நீங்கள். இந்த நகரசபைத் தேர்தலில் ஒரு மாதமாகக் குடைச் சின்னத்துக்குக் குரல் கொடுத்துத் தொண்டை கட்டியவன். இன்று பூட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம்மோடு சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அதைச் சேர்ப்பதற்குக்கூட இவ்வளவு சுலபமாக எல்லாரும் ஒரே மேடை ஏறவில்லை. குடையும் பூட்டும் கூடிக் குலாவுவதற்கு நமக்கு ஒரு பைத்தியம் தேவைப்பட்டிருக்கிறது.

நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் பூட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சோடா பாட்டில் வந்தது. அவர் மண்டை உடைந்தது. அந்தக் கூச்சலில் யாரோ, "ஏ கோட்டிக்காரப் பயலே" என்று கத்தியது அவர் காதில் விழுந்தது. ரத்தம் வழிய வழிய அதை அப்படியே போலீசாரிடம் சொன்னார். எழுதிக்கொண்டவர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டையா. கோட்டி என்றால் என்ன என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கிறார். பைத்தியம் என்று பதில் வந்தது. தப்பில்லையே, அர்த்தம் அதுதானே.

ஆடி மாதத்தில் நம்மூரில் பைத்தியத்துக்கா பஞ்சம்? நாலு திசையிலிருந்தும் சித்தம் கலங்கினவர்களைக் கூட்டிவந்து குற்றால அருவியில் தலையைக் கொடுத்து நிறுத்துகிறோம். ஏட்டையா திரும்பிப் பார்த்தார். சோடாக் கடையடியில், அருவிக்குக் கூட்டிவந்திருந்த அச்சன்புதூர் சுடலைக்கண்ணு உட்கார்ந்திருந்தான். கையை விரிக்கச் சொன்னார். உள்ளே உடைந்த பாட்டிலின் கோலி பளபளவென்று இருந்தது. முடிந்தது விசாரணை. இவ்வளவு வேகமாக ஒரு வழக்கு முடிந்ததை என் இருபது வருஷக் குமாஸ்தா வேலையில் நான் கண்டதில்லை.

அவனை நாளைக் காலை ரயிலில் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இனிமேல் சித்தம் கலங்கிய எவரையும் அருவிக்கரையில் விடக்கூடாது, இதுதான் இன்றைய தீர்மானம். அதை அடுக்குமொழியிலே வழிமொழிய என்னை அழைத்திருக்கிறார்கள்.

வழிமொழியுமுன் டாக்டரின் துண்டுப் பிரசுரத்தைப் படித்தேன். அறிவார்ந்த பிரசுரம். 'எதிரே ஆள் இல்லாவிட்டாலும் உரத்த குரலில் பேசிக்கொண்டிருத்தல்.' போன மாதம் மேலகரத்தில் மழை கொட்டியபோது, நானும் மைக்செட்காரரும் மட்டும் மிஞ்சிய கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் முழங்கினேன், டாக்டர். 'தன்னை ராஜா என்று நினைத்தல்.' தலைவர் அவர்களே, உங்களுக்குச் சூட்டுவதற்கென்று அட்டையில் ஜிகினா ஒட்டி ஒரு கிரீடம் செய்து வைத்திருக்கிறார்களாமே? 'எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சந்தேகித்தல்.' இந்த மேடையிலே இதுவரை பேசிய ஆறு பேரும் வேறு எதைப் பேசினார்கள்?

என்ன, என்ன கேட்கிறீர்கள் அங்கே? "எங்க வீட்டுக்காரருக்கு ஏழும் இருக்கே"யா? இருக்கட்டும் தாயே, அவரை அடுத்த தேர்தலில் நிறுத்திவிடலாம்.

சிரித்துவிட்டீர்கள். இனிச் சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லுகிறேன். சுடலைக்கண்ணுவுக்கு ஓர் அக்கா உண்டு. பெயர் குருவம்மாள். அதோ, தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஈரச் சேலையோடு நிற்கிறாள். அச்சன்புதூரில் களை பறிக்கிற வேலையை விட்டுவிட்டு, ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், தம்பியை விடியற்காலையில் அருவிக்கு நடத்திக் கூட்டிவருவதாக நேர்ந்துகொண்டவள். இருபத்தொன்பதாம் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள். நேற்று எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து மனு எழுதித் தரும்படி கேட்டாள். அவன் சின்னப் பிள்ளையிலிருந்து மின்னுகிறதை எல்லாம் பொறுக்குகிறவன், எறிந்து பழக்கமில்லை என்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள். "அண்ணாச்சி, அவன் இப்பதான் என்னை அக்கான்னு கூப்பிடுதான். பட்டணத்துல அவன் யாரைப் போயி அக்கான்னு கூப்பிடுவான்?"

அருவியில் குளித்தால் தெளியுமா தெளியாதா என்று டாக்டர் வாதாடட்டும், எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியும் கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய்க்கு மருத்துவம் வேண்டும், வேண்டும், வேண்டவே வேண்டும். ஆனால் செய்யாத குற்றத்துக்கு மருத்துவம் உண்டா?

இப்போது அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். கோட்டி. நம் வீட்டில் அதை யாருக்குச் சொல்லுகிறோம்? பைத்தியத்துக்கா? சாப்பிடாமல் ஓடுகிற பிள்ளைக்குச் சொல்லுகிறோம். நாற்பது வயதில் மரம் ஏறுகிற மச்சினனுக்குச் சொல்லுகிறோம். நம் ஆளுக்குச் சொல்லுகிறோம். முன்பின் தெரியாதவன் பாட்டில் எறிந்தால் தென்காசிக்காரன் வாயில் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும், தாய்மார்கள் இருப்பதால் நான் சொல்லவில்லை. பதறிப்போய் 'ஏ கோட்டிக்காரப் பயலே' என்று கத்தினவனுக்கு, எறிந்தவன் சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும். தஞ்சாவூர் ஏட்டையாவுக்கு அது தெரியாது. மேடையிலுள்ள உங்களுக்கும் எனக்குமா தெரியாது?

கத்தினது நான்தான்.

உட்காருங்கள் அண்ணாச்சி, தயவுசெய்து உட்காருங்கள். மைக்கை அணைக்காதே தம்பி. ஆமாம், நான்தான் கத்தினேன். பூட்டுக்காரர் என்ன பேசுகிறார் என்று கேட்டு மறுநாள் பதில் சொல்ல, சோடாக் கடைப் பின்னால் முக்காடு போட்டு நின்றேன். எனக்கு ஆறடி முன்னால் கை ஓங்கினவன் என் மகன் சுந்தரபாண்டி. பி.ஏ. படித்தவன். டாக்டர், அவனுக்கு உங்கள் பட்டியலில் ஒரு அறிகுறியும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், எட்டு மணி நேரம் உறங்குகிறான், தனக்குத்தானே பேசுவதில்லை. உங்கள் பட்டியலில் இல்லாத அறிகுறி ஒன்று அவனுக்கு இருந்தது. தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டான்.

'மண்டபம் நிறையட்டும், மாற்றான் மண்டை உடையட்டும்' என்று நான் முழங்கினேனே, நினைவிருக்கிறதா? ம-வுக்கு ம-வாக அழகாக வந்து விழுந்தது, நானும் விட்டுவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். நான் எதுகை மோனைக்காகச் சொன்னேன், என் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டான். காந்திமதிநாதன் அவர்களே, உங்கள் தலையிலுள்ள ஏழு தையலில் என் பங்கும் உண்டு. இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்று காலை இட்லி வைத்துக்கொண்டு, எறிந்தது நீதானே என்று அவனிடம் கேட்டேன். ஆமாம் என்றான். ஆறு நாளாகத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பேசிப் பேசியே பட்டம் வாங்கியவன், பேச வேண்டிய ஆறு நாளும் ஊமையாக இருந்தேன். குருவம்மாள் மனு எழுதக் கேட்டபோது, அந்த மனுவையும் இந்தக் கையால்தான் எழுதினேன். 'குற்றவாளி யாரெனத் தெரியாது' என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. இங்கிருந்து இறங்கி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். குருவம்மா, நீயும் வாம்மா. உன் தம்பிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொறுக்க முடியாமல் எழுந்து நிற்கும் கட்சிக்காரர்களுக்கும், இன்றைக்குக் கை தட்டாமல் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.

ஏலே சுந்தரபாண்டி, தூணுக்குப் பின்னால நிக்காதலே. வா, நானும் கூட வாறேன். வாலே, கோட்டிக்காரப் பயலே.