வாரத்துக்கு விட்ட கோழி

டீ ஆறிவிடப்போகிறது டீச்சர், குடியுங்கள். ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறேன். கூத்தாநல்லூரிலேயே யார் வீட்டு டீக்கும் இந்த மணம் கிடையாது என்பார்கள். இந்த நஃபீசா அடுப்பு பற்றவைத்துவிட்டாள் என்பதை முக்குக்கடை ஹஸ்ஸான் கடையில் உட்கார்ந்தபடி மூக்காலேயே தெரிந்துகொள்வான். எனக்கு இந்தத் தெருவில் இவ்வளவு கெட்ட பெயர் வந்ததும் அந்த மணத்தால்தான். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நேற்று கொல்லையில் துணி காயப்போடும்போது, "எதுக்கும்மா இத்தன கோழி வளக்குறீங்க?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தீர்கள். ஹஸ்ஸான் கடையில் ஏதோ உங்கள் காதில் விழுந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அவனுக்குத் தெரிந்தது பாதிதான். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகக் கேட்டால் என்னைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கோழி வளர்க்கிறவர்கள் யாரும் முட்டைக்காக வளர்ப்பதில்லை. கேட்டால் முட்டைக்கு என்பார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டு ஜெய்னுலாபுதீன் பாய் வளர்ப்பது, மருமகள் ஆக்கிப்போடுவதை அவள் கண்ணில் படாமல் கொட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. அவர் வீட்டுக் கோழிகளின் கொழுப்பைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் காத்தாயி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் மருமகன்களுக்காக வளர்க்கிறாள். அதிலும் ஒரு மருமகன் வந்தால் மட்டும் எல்லாக் கோழியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிச் சாம்பார் வைத்துவிடுவாள். நான் பூரானுக்காக வளர்க்கிறேன் என்று முன்பெல்லாம் சொல்வேன். மழைக்காலத்தில் இங்கே பூரான் வீட்டுக்குள் வந்துவிடும், கோழி இருந்தால் கொத்தித் தின்றுவிடும். அதுவும் உண்மைதான்.

நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் இருந்தவள் அனீஸா. இரண்டு வீட்டு ஆண்களும் சவுதியில் இருந்த காலத்திலிருந்து நாங்கள் ஒன்றாகக் கிடந்தவர்கள், என்னை அக்கா முறை வைத்து லாத்தா என்பாள். அவர்கள் இருவரும் மௌத்தாகிக் கண்மூடிய பிறகும் அப்படித்தான். கொல்லைச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறதே, அது நாங்களாக உடைத்து வைத்தது. அவள் வீட்டில் மீன் ஆணம், அதுதான் குழம்பு, என்றால் என் வீட்டில் சோறு மட்டும் வடிப்பேன். என் மகன் அப்சர் துபாயில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தவறாமல் பேசுவான். என்னை அங்கே வா என்று அவன் ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. துபாயில் கோழி வளர்க்க இடமில்லை.

அனீஸாவிடம் என் சாம்பல் கோழி ஒன்று வாரத்துக்கு இருந்தது. உங்களுக்குக் கீழ்வேளூர்ப் பக்கம், வாரம் என்றால் தெரிந்திருக்கும். நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பாதி கொடுப்பது போல, கோழி என்னுடையது, வளர்ப்பது அவள், பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. குஞ்சு பிரித்துக்கொள்ளாமல் கோழியைத் திருப்பிக் கொடுப்பது இங்கே மரியாதை இல்லை. அடைக்கு உட்கார்ந்த கோழியை இடம் மாற்றுவதும் கூடாது. கலைத்தால் முட்டையை விட்டு எழுந்துபோய்விடும், ஒரு குஞ்சும் தேறாது. இந்த இரண்டையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஊர் வழக்கம்.

ஆவணியில் அந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அதே வாரம் அனீஸாவின் மகன் ஜாபிர் சென்னையிலிருந்து பேசினான். அவன் மனைவி சபிஹா முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம். அவளுக்கு உம்மா கிடையாது. பிரசவத்துக்கு மாமிதான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். வந்தவள் அப்படியே தங்களோடு தங்கிவிட வேண்டும் என்றும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றும் சொன்னானாம். அனீஸா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "லாத்தா, பேரப்புள்ளைய மொதல்ல நாந்தான் கையில வாங்கப்போறேன்," என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அன்று இராத்திரி சோறு இறங்கவில்லை, அது வேறு.

"குஞ்சு பொரியட்டும், பிரிச்சிக் குடுத்துட்டுக் கெளம்புறேன்," என்றாள். நான் சரி என்றேன். இரு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதல் அடையில் என் தப்பு எதுவும் இல்லை. புரட்டாசியில் சாயங்காலமானால் இடி இடித்துத் தள்ளியது. கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தோம், இடி தாக்காமல் இருக்க. இருந்தும் எல்லா முட்டையும் கூழாகிவிட்டன. அனீஸா அவற்றை வாய்க்காலில் போட்டுவிட்டு வந்து, "இன்னொரு அட வச்சிட்டுப் போறேன் லாத்தா, பேறுகாலத்துக்குத்தான் நாள் கெடக்கே," என்றாள். பாருங்கள், அவளாகச் சொன்னது. மூன்று வாரம் கூடுதலாகக் கிடைத்தது. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இறைவனே ஒரு வழியைக் காட்டியிருக்கும்போது நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

இரண்டாவது அடைக்கு முட்டை நான் கொடுப்பதாக ஏற்பாடு. என் வீட்டுச் சேவல் நல்ல சேவல், அந்த முட்டைகளை வைத்தால் ஒன்று விடாமல் பொரிந்திருக்கும். அதனால் ஹஸ்ஸான் கடையில் பண்ணை முட்டை வாங்கினேன். பண்ணையில் சேவலே கிடையாது, அந்த முட்டை மேல் கோழி வருஷம் பூராவும் உட்கார்ந்தாலும் குஞ்சு வராது. ஹஸ்ஸான் முட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்ன பெரிம்மா, ஒங்க ஊட்டுக் கோழியெல்லாம் ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான். அவன் வாய் எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

பண்ணை முட்டை வெள்ளை வெளேர் என்று இருக்கும், நாட்டுக்கோழி முட்டைக்கு ஒரு மங்கின நிறம் உண்டு. டீத்தூளைப் போட்டுக் கெட்டியாக டிகாஷன் இறக்கி, ஆறவைத்து, அதில் முட்டைகளைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். எடுத்து வேட்டித் துணியில் பரப்பிக் காயவைத்தபோது என் கோழிகளே ஏமாந்துபோயிருக்கும், அவ்வளவு பொருத்தம். ஒற்றைப்படையாக எண்ணிக் கொண்டுபோய் அனீஸாவின் கொல்லையறையில் கோழிக்கு அடியில் வைத்தேன். எந்தக் காரியமானாலும் பிஸ்மி சொல்லித் தொடங்குகிறவள் நான். அன்று அதற்கு மட்டும் நாக்கு எழவில்லை. என் நேர்மைக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

சாம்பல் கோழி பாவம், மெய்யென்று நம்பி உட்கார்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து வந்து அவசர அவசரமாக இரண்டு வாய் கொத்திவிட்டுத் திரும்ப ஓடிவிடும். கொண்டை வெளுத்துப்போய், தூக்கிப் பார்த்தால் வெறும் இறகாக இருந்தது. நான் தினம் கேழ்வரகு ஊறவைத்து எடுத்துப்போய்க் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மனசாட்சி இல்லாதவள் இதையெல்லாம் செய்வாளா? அப்படியே அனீஸாவோடு உட்கார்ந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் பேசிக்கொண்டிருப்பேன். அந்த நாட்கள் நன்றாக இருந்தன டீச்சர். அவள் பேரப்பிள்ளைக்குத் தொப்பி பின்னுவாள், நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாள் கடந்தும் ஒரு முட்டைகூட விரியவில்லை. அனீஸா அழுதுவிட்டாள். "ஏங் கைதான் ராசியில்ல போலருக்கு லாத்தா. பேறுகாலம் பாக்கப்போற நேரத்துல இப்புடி ஆவுதே, மனசுக்கு என்னமோ பண்ணுது," என்றாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு தடவ நல்லபடியா பொரிஞ்சிட்டா மனசு தெளிஞ்சிரும். தெளிஞ்ச மனசோட போயி புள்ளைய வாங்கு," என்றேன். நானும் இரு என்று சொல்லவில்லை, அவளும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஜாபிரிடம் போனில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுக் கூடையில் புது வைக்கோல் பரப்பினாள். கோழி எழுந்திருக்கப் பார்த்தது. நான்தான் பிடித்து உட்காரவைத்தேன்.

மூன்றாவது அடையில்தான் பிசகு நடந்தது. அன்று காலையில் முட்டைக்கு டிகாஷன் இறக்கும்போது கை தானாக ஏலக்காய் டப்பாவுக்குப் போய்விட்டது. நான்கைந்தைத் தட்டிப் போட்ட பிறகுதான் உறைத்தது. முட்டைக்கு எதற்கு ஏலக்காய் என்று எனக்கே சிரிப்பு வந்தது. கோழி என்ன குடித்துப் பார்க்கவா போகிறது என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை ஈரத்தில் சரியாகக் காயவும் இல்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன்.

முட்டை வைத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. விடிந்தும் விடியாமலும் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. தூறலில் அனீஸா நின்றாள். இடுப்பில் கோழியும் முட்டையுமாகக் கூடை, தோளில் பை. வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. "புள்ள பொறந்துடுச்சு லாத்தா. தேதிக்கு முன்னாடியே வலி வந்துடுச்சாம். ராத்திரி பூரா சபிஹா மாமி மாமின்னு கத்திக்கிட்டு கெடந்திருக்கு," என்றாள். நழுவிய பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "பக்கத்துல யாருமே இல்ல லாத்தா. நர்ஸு கையிலதான் பேரன் மொதல்ல போயிருக்கான். மன்னிச்சிக்குங்க, குஞ்சு பிரிக்காமத் திருப்பிக் குடுக்குறேன்." இவ்வளவுக்கும் நடுவில் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், பாருங்கள். வளர்ந்த வளர்ப்பு அப்படி.

கூடையை நீட்டியபோது கோழி உதறிக்கொண்டு இறங்கிவிட்டது. முட்டைகள் மேல் தூறல் விழுந்தது. ஒன்று உருளப்பார்க்க அனீஸா கையில் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. விரல் பட்ட இடமெல்லாம் முட்டை வெளுத்தது. அவள் கையைப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். என் கை டீயை எத்தனை வருஷமாகக் குடிக்கிறவள் அவள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் கூடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "போவாதேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே லாத்தா," என்றாள். "பிரசவம் பாத்துட்டு ஒங்கள்ட்டயே திரும்பி வந்திருப்பேனே." அப்படியே போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள். கொல்லைக் கதவை அவள்தான் அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தாள், நீங்கள் வந்துதான் திறந்தீர்கள். அவளை அவசரப்படுத்தக் கொல்லை வரைக்கும் வந்த ஆட்டோக்காரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அவன் ஹஸ்ஸானுக்கு மச்சான்.

நானும் யோசித்துப் பார்த்தேன் டீச்சர். போகாதே என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? தனியாக இருக்க முடியாதவள்போல அல்லவா ஆகிவிடும். நான் இருப்பேன். அவள்தான் இருக்கமாட்டாள், சென்னையில் அடுக்குமாடியில் அடைபட்டுத் தவித்துப்போவாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். அவள் போனை எடுப்பதில்லை. கோபம் ஆறினதும் எடுப்பாள். வெள்ளிக்கிழமை அப்சர் பேசியபோது நடந்ததைச் சொன்னேன். அவன் சத்தமாகச் சிரித்துவிட்டு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

அதை விடுங்கள். உங்களைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து, "அம்மா இருக்கீங்களா?" என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அந்த நேரத்துக்கு நான் மதியத்திலிருந்தே காத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் இளம்பரிதி சென்னையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார், தையில் உங்களுக்கும் அங்கேயே மாற்றல் வந்துவிடும் என்று போன வாரம் சொன்னீர்கள். வரட்டும், நல்லதுதான். போகாதே என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தச் சாம்பல் கோழி இப்போது உடம்பு தேறிவிட்டது. நேற்றிலிருந்து கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. உங்கள் கொல்லையறைதான் அதற்குப் பழகின இடம், வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரிந்ததும் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு நிம்மதியாகக் கிளம்பலாம். முட்டைக்கு நீங்கள் அலைய வேண்டாம், காலையிலேயே எல்லாம் தயார் செய்து காயவைத்துவிட்டேன். ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் டீச்சர், நான் என் தப்பைத் திருத்திக்கொண்டவள். இந்தத் தடவை டிகாஷனில் ஏலக்காய் போடவில்லை.