களவு போகாத லேப்டாப்

எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். என் வயதில் அப்படி இருப்பவர்கள் குறைவு. கல்லூரி விடுதியில் இருந்தவரை அம்மாவின் வீட்டுக் காப்பீடே என் சாமான்களுக்கும் போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் ப்ரென்னாவும் நானும் வெளியே ஒரு பழைய மரவீட்டை வாடகைக்குப் பிடித்தோம். எனக்கென்று தனியாகக் காப்பீடு எடுத்தேன். அவள் எடுக்கவில்லை.

“எங்கிட்ட என்னடி இருக்கு திருடறதுக்கு? ரெண்டு ஜீன்ஸும் ஒரு பூனைப் பொம்மையும்,” என்று சிரித்தாள்.

பிப்ரவரியில் என் லேப்டாப் களவு போய்விட்டதாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அது களவு போகவில்லை. போலீஸ் புகார் எண், ரசீது, உடைந்த பூட்டின் படம் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் பணம் வந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மார்ச்சில் ஒருநாள் ப்ரென்னா கம்பளி தேடி என் அலமாரியைத் திறந்தாள். லேப்டாப்பை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

“இதைத் திருடினான்னு எதிர்வீட்டு மார்லனை ஸ்டேஷன்ல உக்கார வச்சு விசாரிச்சாங்க. அவனுக்கு லைப்ரரி வேலையே போச்சு. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“பணத்தைத் திருப்பிக் கட்டிடறேன்.”

“அவங்ககிட்ட உண்மையைச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். உம்மேல கோவமில்ல கொரின். கூடவே வர்றேன், பயப்படாதே.”

அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் செவிலியர் படிப்பு படிக்கிறேன். மோசடி வழக்கு பதிவானால் எனக்கு உரிமம் கிடைக்காது. நோயாளிகளைக் கவனிக்க நல்ல செவிலியர்கள் தேவை அல்லவா?

ப்ரென்னாவுக்கு ரொட்டிக்கடையில் அதிகாலை வேலை. பத்து மணிக்குத் திரும்பி, காதில் பஞ்சடைத்துக்கொண்டு மூன்றுவரை மாடியில் தூங்குவாள். வியாழன் மதியம் புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். ரொட்டி வாட்டும்போதெல்லாம் அது அலறும்; யாரும் செய்வதுதான். என் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. திரைச்சீலைக்கு அருகில் மெழுகுவர்த்தியை ஏற்றி, லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, அறைக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று தேர்வு. தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டு எல்லாரும் நிமிர்ந்தார்கள். நான் ஒன்பதாவது கேள்வியை எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வாக்குமூலத்தில் உங்களிடம் மறைக்க எதுவுமில்லை. அவள் மேலே தூங்குவது தெரிந்தே பற்றவைத்தேன். ஆனால் அவளுக்கும் ஒரு வழி இருந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மாடியில் ஜன்னல் உண்டு. பெயின்ட் இறுகிப்போய் அது திறப்பதில்லை என்று செப்டம்பரில் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதியவளே நான்தான். இருந்தாலும், உயிர்மேல் ஆசையிருந்தால் கண்ணாடியை உடைத்திருக்க மாட்டாளா?