இரண்டு மணி வரைக்குமான நாடித்துடிப்பு

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டுத்தான் கரும்பலகையில் எழுதச் சொல்வார். உங்கள் கையில் இருக்கும் நாடித்துடிப்புத் தாளிலும் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

நான் வேலை பார்ப்பது முப்பத்திரண்டு படுக்கை வார்டு. முன்பு காலை ஷிஃப்டுக்கு ஐந்து நர்ஸ்கள் இருந்தோம். ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த இடங்களில் மூன்று மாதப் பயிற்சி முடித்த உதவியாளர்களைப் போட்டார்கள். தலையை எண்ணினால் ஆள் சரியாக இருக்கும். படித்த நர்ஸ் நான் ஒருத்திதான். உதவியாளர்கள் நோயாளியைத் துடைக்கலாம், திருப்பிப் படுக்கவைக்கலாம். நாடித்துடிப்புத் தாளில் மட்டும் எழுதக் கூடாது, அது விதி. பக்கத்தில் இருப்பவள் எழுத முடியாது. எழுதுகிறவளுக்குப் பக்கத்தில் போக நேரமில்லை. எனக்கும் கை இரண்டுதானே.

அதனால் காலை எட்டு மணிக்கே மதியம் இரண்டு மணி வரைக்குமான கட்டங்களை நிரப்பிவிடுவேன். எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தாறு என்று நம்பும்படியாக ஏற்றி இறக்கிப் போடுவேன். ஒன்றரை வருடம் ஒரு குறையும் வரவில்லை.

பதினாலாம் படுக்கைக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். "என்ன சிஸ்டர், வண்டி எப்பக் கிளம்பும்?" என்று வீட்டுக்குப் போகும் நாளைக் கேட்பார். அன்று பத்தரைக்கு உதவியாளர்களில் இளையவள் வந்து நின்றாள். சின்னவள் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்.

"அக்கா, பஸ்காரருக்கு ஒரேயடியா வேர்க்குது. கை சில்லுனு இருக்கு."

"ஃபேனப் போட்டுட்டுப் போம்மா. எனக்குத் தலைக்கு மேல வேல கிடக்கு."

பதினொன்றுக்கு மறுபடி வந்தாள். தாளைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு எழுபத்தெட்டு என்று இருந்தது. "நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லி அனுப்பினேன். அதை எழுதியது நான்தான் என்று அப்போது எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

பன்னிரண்டுக்கு அழுதுகொண்டே வந்தாள். "நீங்களே வந்து பாருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போனேன். உள்ளே ரத்தம் கசிகிறது என்று கையைத் தொட்டவுடனே தெரிந்துவிட்டது. இருபது வருட அனுபவம். அவர் என்னையே பார்த்தார். டாக்டர் பக்கத்து வார்டில்தான் இருந்தார்.

ஆனால் டாக்டர் வந்தால் முதலில் தாளைத்தான் கேட்பார். அதில் ஒரு மணி, இரண்டு மணிக் கட்டங்கள்கூட நிரம்பியிருந்தன. என் வேலை போனால் அந்த வார்டில் ஒரு நர்ஸ்கூட இருக்கமாட்டாள். மற்ற முப்பத்தொரு பேரையும் நான் யோசிக்க வேண்டாமா? புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் எழுதினேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் பஸ்காரர் போய்விட்டார்.

அவருக்கு வேர்த்ததைச் சின்னவள் என்னிடம் சொல்லவே இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் கசக்கிப் போட்ட பழைய தாளை அவள் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்தது, இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. கெட்டிக்காரி.

அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, ஐயா. இங்கே உங்கள் விசாரணை முடிய எவ்வளவு நேரம் ஆகுமோ என்று தெரியவில்லை. ஆனால் வார்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். எழுதி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.