மடக்குக் கூரை

அவள்: கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க.

அவன்: என்ன, புதுசா ‘நில்லுங்க’?

அவள்: கடைக்கு வர்றவங்ககிட்ட அப்படித்தான் பேசறது.

அவன்: சரிங்க மேடம்.

அவள்: கிண்டல் வேண்டாம். இந்தக் கம்பிய மேல தூக்கிப் பிடிங்க... கார் கூரை முழுசா விரியணும். இன்னும்... ம், போதும்.

அவன்: கடை நல்லாருக்கு. ரெண்டு தையல் மிஷின் கூட வந்திருக்கு போல.

அவள்: சோபா, பஸ் சீட்டு, தார்ப்பாய்... ஏதோ வேலை வருது.

அவன்: இந்த மாதிரி மடக்குக் கூரை வருமா?

அவள்: எங்க வருது? தலைக்கு மேல ஒண்ணுமில்லாத ஸ்போர்ட்ஸ் கார வச்சுக்கிட்டு எத்தன பேர் அலையறாங்க? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

அவன்: அந்த ஒருத்தர் எப்படி?

அவள்: டேப்ப அந்தப் பக்கம் பிடிங்க... இது எப்படிக் கிழிஞ்சுது?

அவன்: மழை. ஓரமா நிறுத்திட்டு அவசரமா கூரைய இழுத்தேன். எங்கயோ மாட்டிக்கிச்சு. டர்ருன்னு...

அவள்: இதுக்காக இவ்வளவு தூரமா? உங்க ஊர்ல தைக்கற ஆளே இல்லையா?

அவன்: உன் கைவேல. இன்னொருத்தர் கை வைக்க வேண்டாமேன்னு...

அவள்: விவாகரத்துக்கு அப்புறம் கேரண்டி எல்லாம் கிடையாது.

அவன்: சிரிச்சுட்டே.

அவள்: சிரிக்கல. வாய்ல ஊசி இருக்கு.

அவன்: ஞாபகம் இருக்கா, இந்த வண்டிய முதல்ல பாத்தப்ப எப்படி இருந்துச்சு? சீட்டுக்குள்ள எலிக் குடும்பம். தரையில துரு, ஓட்டை வழியா கீழ புல்லு தெரியும். நீதான் ஸ்டியரிங்கப் பிடிச்சு உக்காந்து, “சரி, கிளம்பலாமா”ன்னு கேட்ட.

அவள்: அப்ப எனக்கும் கொஞ்சம் கிறுக்கு இருந்துச்சு.

அவன்: அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினேன்.

அவள்: ...இங்க ஒரு நிமிஷம் வா. இந்தக் கிழிசலப் பாரு.

அவன்: பாத்தாச்சு.

அவள்: குனிஞ்சு பாரு. நூல் எங்கயும் பிசிறல. மழையில மாட்டி இழுத்த துணி இப்படியா கிழியும்? இது வெட்டினது. பிளேடு.

அவன்: பிளேடா?

அவள்: அதுவும் தையல் ஓரமாவே வந்து, தையலத் தொடாம திரும்பியிருக்கு.

அவன்: உன் தையல்ல பிளேட வைக்க மனசு வரல.

அவள்: எதுக்கு இப்படி?

அவன்: வேற எப்படி வர்றது? சும்மா வந்து நின்னா பேசியிருப்பியா?

அவள்: பேசியிருக்க மாட்டேன்.

அவன்: அதான்.

அவள்: உக்காரு. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கோ... டீ வேணுமா?

அவன்: வேண்டாம். அன்னைக்கு நம்ம ஊர்ல உன் முதல் கடை திறப்புக்கு நேரத்துக்கு வந்திருந்தா, நீ என்னைய விட்டுப் போயிருக்க மாட்ட. இல்ல?

அவள்: அப்படியா நெனச்சுட்டு இருக்க?

அவன்: வேற என்ன?

அவள்: நீ லேட்டா வர்றது எனக்கென்ன புதுசா? எல்லாரும் கிளம்பிட்டாங்க, நான் பெருக்கிட்டு இருந்தேன். நீ முழங்கை வரைக்கும் கிரீஸோட ஓடி வந்த. கடைய நிமிர்ந்துகூட பாக்கல. “வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுச்சு”ன்னு என் ரெண்டு தோளையும் பிடிச்சுக் குலுக்கின. என் புடவையெல்லாம் கறை.

அவன்: தெரியும்.

அவள்: கறை இல்ல விஷயம். உன் முகம். அவ்வளவு சந்தோஷம். நம்ம கல்யாணத்துலகூட நான் அந்த முகத்தப் பாத்ததில்ல. கோவம் வந்திருந்தா சண்ட போட்டுட்டு உங்கூடவே இருந்திருப்பேன். கோவமே வரல. இந்த ஆள் சந்தோஷத்துக்கு நான் தேவையே இல்லன்னு தோணிடுச்சு.

அவன்: யார்கிட்ட சொல்லன்னு ஓடி வந்தேன்? உங்கிட்டத்தான. வேற யார்கிட்டயும் ஓடலையே.

அவள்: ...அத நான் அப்ப யோசிக்கல.

அவன்: நானும் அத வாயத் திறந்து சொல்லல.

அவள்: போறதுக்கு முன்னாடி இந்தக் கூரைய ஏன் தைச்சுக் கொடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. பாதியில விட மனசில்ல, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

அவன்: அதப் போட்டதும் வண்டி வேலை முடிஞ்சுது. அடுத்த நாள் காலையில ஷெட்டுக்குப் போனேன்... செய்ய ஒண்ணுமே இல்ல. துடைச்சதையே துடைச்சேன்.

அவள்: ஓட்டியிருக்கலாமே. அதுக்குத்தான இவ்வளவு பாடு.

அவன்: ஓட்டினேன். கூரைய மடக்கிட்டுப் போனா ஊரே பாக்கும். முதல்ல வண்டியப் பாப்பாங்க, அப்புறம் என்னைய, அப்புறம் அந்தக் காலி சீட்ட. சிக்னல்ல ஒரு பெரியவர் பக்கத்துல வந்து நின்னு, “வீட்ல யாரையும் கூட்டிட்டு வரலையா தம்பி”ன்னார். பச்சை விழுந்தும் எனக்குக் கிளம்பத் தோணல. பின்னாடி ஒரே ஹாரன்.

அவள்: என்ன சொன்ன அவர்கிட்ட?

அவன்: வருவாங்கன்னு சொன்னேன்.

அவள்: ஏன் அப்படிச் சொன்ன...

அவன்: வாயில வந்துடுச்சு. அன்னைல இருந்து கூரையத் திறக்கறதே இல்ல. மூடிட்டுத்தான் ஓட்டறேன். கூரையத் திறக்காம ஓட்டறதுக்கா அத்தன வருஷம் துரு சுரண்டினோம்?

அவள்: சுரண்டினது நீ. நான் டீ போட்டேன்.

அவன்: கேளு... தைச்சு முடிச்சதும் ஒரு தடவ வா. இந்தக் கடற்கரை ரோட்டுல, அந்தக் கோடி வரைக்கும். பேசக்கூட வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காரு. போதும்.

அவள்: இல்ல, நான்...

அவன்: இப்பவே சொல்ல வேண்டாம். வண்டி இங்கயே இருக்கட்டும், நான் பஸ்ல போய்க்கறேன். வெள்ளிக்கிழமை எடுக்க வர்றப்ப சொல்லு.

அவள்: வெள்ளிக்கிழமை நான் கடையில இருக்க மாட்டேன்.

அவன்: அப்ப சனிக்கிழமை வரேன். ஞாயித்துக்கிழமைனாலும் சரி. எனக்கு என்ன வேலை இருக்கு?

அவள்: நீ வாசல்ல வந்து நின்னப்பவே நான் சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் ‘வாங்க, போங்க’ன்னு பேசிப் பாத்தேன். அந்த வெட்டப் பாத்ததும் வாய் வரல... ரொம்ப நாள் தெருவுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மிஷின நிறுத்திட்டு எட்டிப் பாப்பேன். அப்புறம் எப்பவோ அது நின்னு போச்சு. எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. போன மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. பக்கத்துக் கடையில கண்ணாடி வெட்டறவர்தான். யாரையும் கூப்பிடல, ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டோம். நீ யாருன்னு அவருக்குத் தெரியும், நல்லபடியாத்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை சாவிய அவர்கிட்ட வாங்கிக்கோ.