வாசித்துக் காட்டியவள்

எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். அதில் பதினோரு வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது வீட்டில் வைஃபை கிடையாது. அவர்கள் மாடிப்படி ஓரமாக நின்று என்னுடையதை இழுத்துக்கொள்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும், போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

உங்களை சார் என்று கூப்பிட வேண்டும் என்று வாசலில் அந்தக் கான்ஸ்டபிள் பெண் சொன்னாள். என் வயசுக்குத் தம்பி என்றுதான் வாயில் வருகிறது, செம்பியன் தம்பி. நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால், நான் ஏதோ ஓட்டைப் பிரித்து இறங்கியவள்மாதிரி இருக்கிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஃபோனை அவரவரே திறந்து என் கையில் வைத்தார்கள்.

பெயர் சந்திரிகா. மயிலாப்பூர், சித்திரைக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற சந்து, இரண்டாவது மாடி. தனியாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேர்ந்த புதிதில் ட்ரங்க் கால் இருக்கையில் போட்டார்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், நாங்கள் இணைத்துக் கொடுப்போம். இணைத்த கையோடு நம் காதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நான் எடுத்ததில்லை. கும்பகோணத்தில் யாருக்குப் பெண் பிறந்தது என்று அப்பன்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதனால் அந்தக் குழந்தைக்கு என்ன குறைந்துவிட்டது?

செல்ஃபோன் வந்த பிறகு எங்கள் கட்டடத்தில் பெரியவர்கள் எல்லோரும் கைக்குழந்தை ஆகிவிட்டார்கள். எழுத்து சின்னதாகிவிட்டது, இடம் இல்லை என்கிறது, பேத்தி படத்தைக் காணோம் என்று என் வீட்டுக்குத்தான் வருவார்கள். பெற்ற பிள்ளைகளிடம் கேட்டால் எரிந்து விழுகிறார்களாம். என்னிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வசதி இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். லேப்டாப் திரையில் வரும் கட்டத்தை அந்த ஃபோனுக்குக் காட்டினால் போதும். அதில் வருவதெல்லாம் இதிலும் வரும், இதிலிருந்து அனுப்பினால் அதிலிருந்து போனமாதிரி போகும். வீட்டுக்கு ஒரு ஜன்னலாக நான் திறந்து வைத்திருந்தேன்.

அனுமதி கேட்டாயா என்கிறீர்கள். தம்பி, அந்த ஃபோன்களில் இருந்த ஆப் ஒவ்வொன்றும் அனுமதி கேட்டிருக்கிறது. எழுபது வயசுக்காரர் டார்ச் லைட்டுக்கு ஒரு ஆப் போட்டிருந்தார். அதற்கு அவர் எங்கே நிற்கிறார், யாருடன் பேசுகிறார் என்பதெல்லாம் வேண்டுமாம். சம்மதிக்கிறேன் என்று அழுத்திவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார். முகம் தெரியாத எவனுக்கோ சம்மதிக்கலாம். ஜுரம் என்றால் மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறவளுக்குச் சம்மதிக்கக் கூடாதா?

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி கதிரேசன், தி.நகரில் ஜவுளிக்கடை. அவரை ஒருத்தன் வீடியோவில் போலீஸ் மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு வந்து, உன்னைக் கைது செய்திருக்கிறேன், அறையைவிட்டு நகராதே, வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே என்று மிரட்டிக்கொண்டிருந்தான். அவன் அனுப்பிய போலி வாரண்டு என் ஜன்னலிலும் வந்தது. நான் ஒரு தட்டில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு போய், கதவைத் திறக்கிறவரை இடித்தேன். "கரெக்டா எப்படிக்கா வந்தீங்க?" என்று மனுஷன் கேட்டார். தோன்றியது, வந்தேன் என்றேன். இன்றுவரை நான் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

உங்கள் ஃபோனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். வரும்போது தோசை மாவு வாங்கி வரச் சொல்லி வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நான் படிக்கவில்லை, அதுவாகத் தெரிந்தது.

சரி, வைதேகி மாமிக்கு வருகிறேன்.

மாமி எனக்கு எதிர் வீடு. கணவர் விஜயராகவன், பெரிய கோபக்காரர். ஒரே பெண், மதுமதி. மது பூனாவில் வேலைக்குப் போன இடத்தில் காஷிஃப் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இந்த வீட்டில் இனி அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். மாமியும் எடுக்கவில்லை, அவர் போகிறவரை. அவர் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆனபிறகு, ஃபோனைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சந்திரிகா, மதுவோட நம்பர் கெடைக்குமா? பேசவெல்லாம் வேண்டாம். அவ குரலக் கேட்டா நான் ஒடஞ்சிடுவேன். எழுதிண்டாப் போறும்."

நம்பரை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். மாமிக்குக் கண்ணில் சர்க்கரை இறங்கிவிட்டது. அடையாறில் மாதாமாதம் ஊசி போட்டும் பொடி எழுத்து தெரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன், பதில் வந்தால் வாசித்துக் காட்டுவேன். தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் இதுதான் எங்களுக்கு வேலை. மாமி சொல்வதை அப்படியே அடித்தால் தந்தி மாதிரி இருக்கும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை பெய்தது. பாசம் இல்லாதவர் இல்லை, சொல்ல வராதவர். நான் நடுவில் ஒரு வரி, ரெண்டு வரி சேர்த்தேன். மொட்டை மாடியில் உன் பாவாடை காய்ந்த கொடியைப் பார்த்தேன், நீ ஞாபகம் வந்தாய், இந்தமாதிரி. ஒரு நாள் மது எழுதினாள்: "அம்மா, உனக்கு இவ்ளோ சொல்லத் தெரியும்னு எனக்குத் தெரியாதும்மா." அதை மாமிக்கு வாசித்துக் காட்டவில்லை. அது எனக்கு வந்தது.

கொஞ்ச நாளில் மது பகல் வேளையிலும் எழுத ஆரம்பித்தாள். பகலில் மாமி தூங்குவார். அவரை எழுப்புவானேன் என்று நானே பதில் போட்டேன். அலுவலகச் சண்டை, காஷிஃப் வைக்கிற சாம்பார், பிள்ளை நிற்காமல் போனது எல்லாம் சொன்னாள். மாமியிடம் அதில் பாதிதான் போயிற்று. வயசானவர்களிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டலாமா?

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அம்மா, எனக்கு உடம்பு சரியில்லை. வயித்துல கட்டி. பரவிடுச்சுன்னு சொல்றாங்க. நீ வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்."

மாமிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தது நான். சொன்னால் உடனே கிளம்பியிருப்பார். கிளம்பினால் வழியிலேயே ஏதாவது ஆகியிருக்கும். ஆகாமல் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கேயே தங்கியிருப்பார், திரும்பி வந்திருக்க மாட்டார். எதிர் வீட்டைப் பூட்டிப் போட்டிருப்பார்கள். அதை அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் தப்பில்லை.

அம்மாவால் பயணம் செய்ய முடியாதடி, டாக்டர் விடமாட்டேன் என்கிறார், ஆனால் தினமும் எழுதுவேன் என்று எழுதினேன். எழுதவும் செய்தேன். ஒரு நாள் தவறியதில்லை. நீங்கள் எடுத்து வைத்திருக்கிற லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது, படித்துப் பாருங்கள். ஒரு தாய் அதற்குமேல் எழுத முடியுமா என்று பாருங்கள். அதே சமயம் சாயங்காலம் மாமிக்கும் குறை வைக்கவில்லை. மதுவுக்குப் பதவி உயர்வு, மது புதுச் சோபா வாங்கினாள், தீபாவளிக்கு வரப் பார்க்கிறாள். மாமி மூன்று கிலோ ஏறினார்.

கடைசியில் மது அம்மாவின் குரல் வேண்டும் என்றாள். "ஒரே ஒரு தடவை பேசும்மா." அதற்கும் வழி இருந்தது. மார்கழியில் மாமி பாடி வாட்ஸ்அப் குழுவில் போட்ட பாசுரங்கள் முப்பதும் என்னிடம் இருந்தன. குரலைக் கொடுத்தால், நாம் எழுதுவதை அதே குரலில் பேசுகிற ஆப் இப்போது இருக்கிறது. அதுவும் அனுமதி கேட்டது: இந்தக் குரல் உங்களுடையதுதானா? ஆம் என்று அழுத்தினேன். "மதூ, அம்மா இங்கதான்டி இருக்கேன். கண்ண மூடிண்டு தூங்கு." பதில் வந்தது: "குரல் மாறிப்போச்சும்மா. உனக்கு வயசாயிடுச்சு."

மறுநாள் கடைசியாக எழுதினாள்: "நீ வராட்டியும் பரவாயில்லம்மா. நீ எழுதினதே போதும்." அதற்கடுத்த நாள் அதே நம்பரிலிருந்து காஷிஃப் எழுதினார், மது போய்விட்டாள் என்று. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னிடம் துக்கம் விசாரிக்க யார் வந்தார்கள்? பிறகு முகம் கழுவிவிட்டு, தகவலுக்கு நன்றி, இனி இந்த எண்ணுக்கு எழுத வேண்டாம் என்று மாமி பெயரில் பதில் போட்டு, அந்த நம்பரைத் தடுத்து வைத்தேன். பாண்டி பஜாரில் ஒரு புது சிம் வாங்கினேன். மதுவின் படத்தை வைத்து, மாமி ஃபோனில் மது என்றே சேமித்தேன். தன் ஃபோனில் டிங் என்று சத்தம் வந்தால்தான் மாமிக்குத் திருப்தி.

ஆறு வாரம் நன்றாகத்தான் போனது. போன வியாழக்கிழமை எங்கள் வாட்ச்மேன் ஜவஹர் மேலே வந்தான். "அக்கா, மாமி வூட்டுக்கு யாரோ ஒர்த்தர் வந்துகீறாரு. வெளியூரு ஆளு மாதிரி கீது." நான் வெளியே வருவதற்குள் மாமி கதவைத் திறந்துவிட்டார். தாடி, கையில் ஒரு துணிப்பை. மருமகனை மாமி பார்த்ததே இல்லை. நான் படத்தில் பார்த்திருக்கிறேன்.

அவர் "நான் மதுவோட..." என்று ஆரம்பித்ததும் மாமி முகம் அப்படியே மலர்ந்தது. "மதுவத் தெரியுமா? வாங்கோ, உள்ள வாங்கோ. நேத்திக்குக்கூட எழுதியிருந்தாளே. ரசப்பொடி கேட்டிருக்கா, அரைச்சு வெச்சிருக்கேன், எடுத்துண்டு போறேளா?"

அவர் பையை மார்போடு பிடித்துக்கொண்டார். எழுதினாளா என்று, மதுவிடம் கற்ற தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"தெனமும். நேக்குக் கண் தெரியாது. சந்திரிகாதான் வாசிச்சுக் காட்டுவா, பதிலும் அவதான் போடுவா. அவ இல்லேன்னா என் பொண்ணு நேக்கு இல்ல." என்னைக் கைகாட்டினார். அந்தப் பையன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவர் பார்வையைத் தவிர்க்கவில்லை. தவிர்க்க என்ன இருக்கிறது?

நீங்க யாரு என்று மாமி கேட்டார். "மதுவோட ஆஃபீஸ்ல வேலை செய்றேம்மா. இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு" என்றார் அவர். ரசப்பொடியை வாங்கிக்கொண்டார். பையைத் திறக்கவே இல்லை. நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

இதைத்தான் தம்பி நீங்கள் யோசிக்க வேண்டும். அவரும் மாமியிடம் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவராலும் முடியவில்லை. அவர் ஒரு தடவை மறைத்தால் அது இரக்கம். நான் தினமும் மெனக்கெட்டு மறைத்தால் குற்றமா?

ஒரு தாயைப் பெண்ணின் சாவுக்குப் போகவிடாமல் செய்துவிட்டாய் என்று சொன்னீர்கள். ஆமாம், செய்தேன். மாமி பெயரில் எழுதினேன், மாமி குரலில் பேசினேன், செத்தவள் பெயரில் செய்தி அனுப்பினேன். எதையும் மறுக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தாய் எழுதினதே போதும் என்றுதான் அவள் சொல்லிவிட்டுப் போனாள். எழுதினது யார் என்று மட்டும் உங்கள் அறிக்கையில் சரியாகப் போடுங்கள்.

இன்று சாயங்காலம் அந்தக் கான்ஸ்டபிள் பெண்ணை அனுப்பி மாமியிடம் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். அவளுக்கு என்ன தெரியும்? வாசலில் நின்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். மாமியிடம் எதை, எப்படி, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். லேப்டாப்பை ஐந்து நிமிஷம் கொடுங்கள் தம்பி. காக்கிச் சட்டை யாரோ வந்து சொல்வதைவிட, மதுவே தன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளட்டும்.