கீறல் போன கடிகாரம்

– கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஐயா, உங்க சறுக்குக் கோல் என் விலாவுல குத்துது.

– மன்னிச்சுக்கங்க அம்மணி. இந்த நாற்காலி பின்னாடியே வந்து முழங்கால்ல இடிச்சிருச்சு... உக்கார்றதுக்குள்ள தூக்கிட்டுக் கெளம்பிருச்சு.

– மலையேத்தற நாற்காலி லிஃப்ட்னா அப்படித்தான். உக்காருங்கன்னு வெத்தல பாக்கா வெக்கும்? தலைக்கு மேல இருக்கற கம்பியை எறக்கறேன். குனிங்க... குனிங்கன்னேன்ல!

– ஆ!

– ஹெல்மெட் இருந்ததால பொழச்சீங்க. மலைக்கு வந்து ரொம்ப நாளாச்சோ?

– ஏன்... தெரியுதா?

– பூட்ஸ் வாடகை. சறுக்குக் கட்டை வாடகை. இடது பூட்ஸ்ல மேல் கொக்கி தொறந்தே கெடக்குது. இதுக்கு மேல என்ன தெரியணும்?

– மூக்கு வரைக்கும் துணி, அதுக்கு மேல கறுப்புக் கண்ணாடி... அதுக்குள்ளருந்து இவ்வளவு பாத்துட்டீங்களா!

– இந்தப் பனிக்காத்துல எல்லாரும் கொள்ளைக்காரங்க மாதிரித்தான் இருக்கோம். நீங்களும் யாரோ, நானும் யாரோ. காத்துல தனியா போனா நாற்காலி ஆடும், ரெண்டு ரெண்டு பேராப் போங்கன்னு தூரிங்கற லிஃப்ட்காரர் நம்மளைச் சேத்து உக்கார வெச்சுட்டார்.

– ஆமாமா. துணி வழியாக் கேக்கறதுல குரல்கூட யாருதுன்னு புரியல.

– சுத்தமாப் புரியல.

– நல்லதுதான். தெரியாதவங்ககிட்டப் பேசறது சுலபம்.

– தூரியைப் பாத்தீங்களா? வாய் நிறைய கேக்கை வெச்சுக்கிட்டு ஜாடை காட்டறார்.

– பாத்தேன். ஜன்னல்ல ரெண்டு டப்பா இருந்துச்சு.

– அக்ரூட் கேக். வீட்ல ஏதோ விசேஷம் போல.

– ம்... இருக்கும்.

– சரி, இந்த லிஃப்ட் எங்க போகுதுன்னு தெரிஞ்சுதானே ஏறுனீங்க?

– மேல.

– மேல போறது பெருசில்ல. அங்கேருந்து எறங்க ஒரே வழிதான். கறுப்புப் பலகை நட்ட வழி. செவுரு மாதிரி நிக்கும்.

– நீலப் பலகை ஒண்ணுகூட...?

– அது பக்கத்து லிஃப்ட். சின்னப் பசங்க போறது. யாரும் சொல்லலையா?

– சொன்னாங்க.

– சொல்லியுமா?

– ஒரு காரியமா வந்தேன் அம்மணி. அது இந்த லிஃப்ட்லதான் நடக்கும். விடுங்க.

– என்ன அது, குளிர்ச்சட்டைக் கைக்கு மேல... வாட்சா?

– ம்.

– பழசாட்டம் இருக்கே. பக்கத்துல ரெண்டு பொத்தான் வேற. தங்கமா?

– தங்கம்தான். எங்கப்பாவோடது. அவர் பனிச்சறுக்கு வாத்தியார். பசங்க எறங்கற நேரத்தைப் பொத்தானை அமுக்கிக் குறிக்கணும். அதுக்குச் சட்டையைச் சுருட்டிக்கிட்டா நிக்க முடியும்? அதனால மேலயே கட்டிக்குவார்.

– வாத்தியாருக்குத் தங்க வாட்சா? நல்ல உத்தியோகமா இருக்கே!

– இத்தாலியில மிலானோ ஊர்லேருந்து வந்த ஒருத்தர் குடுத்தது. அவர் பொண்ணு சரியான பயந்தாங்கொள்ளி. எங்கப்பா அவளைச் சிரிக்க வெச்சே உச்சியிலேருந்து எறக்கிட்டார். ஊருக்குப் போறப்ப அந்த மனுஷன் கையிலேருந்து கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாராம். அதைப் பாத்துப் பாத்துப் பிடிச்ச பைத்தியம் எனக்கு. இப்போ ஜூரிச் வீட்ல ஒரு இரும்பு அலமாரி நிறைய வெச்சிருக்கேன். எல்லாம் என்னைவிட வயசானதுங்க.

– எல்லாத்தையும் மாத்தி மாத்திக் கட்டிக்குவீங்க.

– கட்டறதா! தேஞ்சு போயிராது? ஞாயித்துக்கிழமை வெளிய எடுத்து, சாவி குடுத்து, காதுகிட்ட வெச்சுக் கேப்பேன். திரும்ப உள்ள வெச்சுப் பூட்டிருவேன்.

– பாவம், ஜெயில்ல மனு போட்டுப் பாக்கற மாதிரி.

– சேகரிக்கறவங்களுக்குத்தான் அந்த ருசி தெரியும்.

– அப்போ இதை மட்டும் ஏன் விடுதலை பண்ணீங்க? பழைய வாட்சைக் கட்டிக்கிட்டுப் பனியில எறங்கக் கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கேனே.

– எறங்கவே கூடாது. உள்ள ஒரு அச்சு இருக்கு, தலைமுடி கனம். விழுந்து எழுந்தா முறிஞ்சுரும். எங்க பழைய வாட்ச் சங்கத்து ஆளுங்க இதைப் பாத்தா என்னை ஊரைவிட்டுத் தள்ளி வெச்சுருவாங்க.

– ஆனா பளபளன்னு புதுசு மாதிரி நல்லாத்தான் இருக்கு.

– அதுதான் தலைவலியே.

– பளபளப்பா தலைவலி?

– எங்களுக்கு அப்படித்தான். பாலிஷ் போட்டா தங்கம் தேயும், விளிம்பெல்லாம் மழுங்கும். பழைய வாட்சுக்குக் கீறல்தான் உசிரு. அதுல கை வெக்கவே கூடாது.

– கை வெச்சது யாரு?

– என் தங்கச்சி மெங்கியா.

– ஓ...

– என் அம்பதாவது பிறந்தநாளுக்கு. என் பொண்டாட்டியைக் கூட்டு சேத்துக்கிட்டு, அலமாரியிலேருந்து எனக்குத் தெரியாம எடுத்து, எவனோ நகைக்கடைக்காரன்கிட்டக் குடுத்து மினுக்கி, பட்டுத்துணியில சுத்திக் கொண்டாந்தா.

– ஆசையாத்தானே செஞ்சிருப்பா?

– ஆசைதான். யாரு இல்லன்னா? ஆனா அன்னைக்கு மேஜையைச் சுத்தி எங்க சங்கத்து ஆளுங்க. எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. யாரு வாட்ச் கொண்டாந்தாலும் மடிச்ச துணி மேல வெச்சுச் சுத்தி அனுப்புவோம். ஒவ்வொருத்தரும் கண்ணுல பூதக்கண்ணாடியை இடுக்கிப் பாத்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு, பக்கத்து ஆளுக்குத் தள்ளணும்.

– சொன்னாங்களா?

– மொத ஆளு பாத்தார். ஒண்ணும் சொல்லாம தள்ளினார். அடுத்தவர் பாத்தார், இருமினார். அப்படியே மேஜை பூரா சுத்தி வந்து என் முன்னாடி நின்னுச்சு. ஒருத்தர் வாயும் தொறக்கல. அவ என்னடான்னா சிரிச்ச மூஞ்சியா என்னையே பாத்துக்கிட்டு இருக்கா... நான் ஏதோ துள்ளிக் குதிக்கப் போறேன்னு.

– அப்பறம்?

– என்ன, தலையைத் திருப்பிக்கிட்டீங்க? குளிருதா?

– இல்ல. கண்ணாடி மேல பனி. நீங்க சொல்லுங்க.

– கத்திட்டேன். அத்தன பேர் முன்னாடி. "அப்பாவையே தேச்சு எடுத்துட்டியேடி"ன்னு.

– "மலையில வழுக்கிக்கிட்டுத் திரியற உனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது"ன்னும் சொல்லியிருப்பீங்க.

– ...சொன்னேன். உங்களுக்கு எப்படி...?

– சும்மா ஒரு ஊகம். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்.

– அப்படியா? எப்படிப்பட்டவன்?

– வாய் நீளம். மத்தபடி தங்கமானவன். ரெண்டு குளிர்காலமாப் பேச்சுவார்த்தை இல்ல.

– ரெண்டா... எங்களுக்குள்ளயும் அவ்வளவுதான். போன் எடுப்பேன், நம்பர் அடிப்பேன், வெச்சுருவேன்... ஐயோ! என்ன, நின்னுருச்சு?

– ஆடாதீங்க! காத்து அதிகமானா நிறுத்துவாங்க, கொஞ்ச நேரத்துல எடுத்துருவாங்க.

– கீழ பாக்காதேன்னு சொல்லுங்க.

– கீழ பாக்காதீங்க.

– பாத்துட்டேன்.

– கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. பேசிக்கிட்டே இருங்க, பயம் தெரியாது. ஆமா, ஒரு கீறல் போனதுக்கா ஐயா அவ்வளவு கோவம்?

– அது எப்படி விழுந்த கீறல்னு உங்களுக்குத் தெரியாது.

– எப்படியாம்? கல்லுல உரசியிருக்கும்.

– அவகிட்டயும் கல்லுன்னுதான் சொன்னோம்.

– ...என்ன சொல்றீங்க?

– அவளுக்கு நாலு வயசு. அப்பா அவளைத் தன் கால் நடுவுல நிக்க வெச்சு, பிடிச்சுக்கிட்டே எறங்கறார். நான் பின்னாடி வர்றேன். திடீர்னு "விடு, நானே போவேன்"னு ஒரு உதறு உதறினா பாருங்க... ரெண்டு பேரும் பொத்துனு உக்காந்துட்டாங்க. அவ கட்டையோட இரும்பு விளிம்பு வாட்ச்ல ஒரே இழுப்பு. அப்பா கையைப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே எழுந்து போயிட்டா. தனியா. கீழ இருந்த ஒரு ஊசியிலை மரம் வரைக்கும், விழாம.

– விழாமலா...

– போய் நின்னு திரும்பிப் பாத்தா. அப்பா வாட்சைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். நான்தான் ஒடைச்சுட்டேனான்னு ஒரே அழுகை. கல்லுல பட்டுச்சும்மான்னு அப்பா தூக்கி வெச்சுக்கிட்டார். அப்பறம் என்னைத் தனியா கூப்பிட்டு, "அவ தானா சறுக்கின மொத நாள்டா இது, கையில எழுதிட்டுப் போயிட்டா. அவகிட்டச் சொல்லிராத, வருத்தப்படுவா"ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார்.

– அப்போ... அந்தக் கீறல்...

– ரிப்பேருக்குக் குடுக்கறப்பல்லாம் கடைக்காரர் தேச்சுத் தரவான்னு கேப்பார். "தொட்டா கையை ஒடிப்பேன், அது என் பொண்ணு"ன்னுவார் அப்பா.

– அதைப் போயி அவளே...

– அவளுக்குத் தெரியாதே அம்மணி! தெரியாமத்தானே செஞ்சா. அதைச் சொல்லவும் முடியல. கோவம் மட்டும் வெளிய வந்துச்சு, காரணம் உள்ளயே நின்னுருச்சு.

– அப்பா போனப்பறமுமா அந்தச் சத்தியத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க?

– சத்தியம் சத்தியம்தான். ஆனா அவகிட்டச் சொல்லாதேன்னுதான் வாங்கினார். லிஃப்ட்ல பக்கத்துல உக்கார்ற யாரோ ஒரு அம்மணிகிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லல.

– ...நல்லா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க.

– ரெண்டு குளிர்காலமா யோசிச்சேன். வேற வழி தோணல.

– இருங்க... கண்ணாடிக்கு உள்ள ஒரே தண்ணி.

– கழட்டித் துடைச்சுக்கங்க. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்.

– என் அண்ணன் கதையும் கொஞ்சம் கேளுங்க. அப்பா இருந்த வரைக்கும் மூணு பேரும் சேந்துதான் மலைக்கு வருவோம். அப்பா போனப்பறம் அவன் வரவே இல்ல. வாட்சுகளே கதின்னு ஊர்ல அடைஞ்சுட்டான். அப்பா வாட்சையும் அலமாரியில படுக்க வெச்சுட்டான். பாக்கவே முடியலடா சாமின்னு, புதுசாட்டம் மினுக்கிக் குடுத்தேன். கையில கட்டத் தோணும், கட்டினா மலை ஞாபகம் வரும், என்கூடச் சறுக்க வருவான்னு நெனச்சேன். அவ்வளவுதான் என் திட்டம்.

– ...அதுக்காகவா?

– வேற எதுக்கு? எனக்கென்ன பளபளப்பு மேல ஆசையா?

– அப்போ அந்த பாலிஷ் வேலை செஞ்சிருக்கு அம்மணி. கொஞ்சம் தாமதமா.

– இன்னைக்கு ஒரு காரியமா வந்தேன்னீங்களே... என்ன அது?

– இந்த வாட்சுக்கு ஒரு கீறல் வேணும்.

– என்னது!

– அதே எடத்துல. அதே ஆளு கட்டை விளிம்பால.

– பைத்தியமா உனக்கு... உங்களுக்கு? அச்சு முறிஞ்சுரும்னு இப்பத்தானே சொன்னீங்க?

– முறிஞ்சா வேற போட்டுக்கறேன்.

– சங்கத்துல தள்ளி வெச்சுருவாங்களே?

– வெக்கட்டும். அவங்க யாரும் எனக்குத் தங்கச்சி இல்ல.

– அந்தக் கறுப்பு வழியில நீங்க உருள்ற உருளல்ல, கீறல் தானாவே நூறு விழும்.

– அதெல்லாம் என் கீறல். அது வேணாம். அவ போட்டாத்தான் கணக்கு.

– ...மொதல்ல அந்த இடது கொக்கியை மாட்டுண்ணா.

– மெங்கியா...

– மாட்டிட்டுப் பேசு. மேல எறங்கினதும் கையை நீட்டு, ஒரு கோடு போட்டு விடறேன். அப்பறம் என் தடத்துலயே வா. நான் திரும்பற எடத்துல திரும்பு, நான் நின்னா நில்லு. கீழ போய் பார்லி சூப், உன் செலவு.

– எப்போடி கண்டுபிடிச்ச என்னை?

– கம்பியை எறக்கறப்பக் குனியாம மண்டையில இடிச்சுக்கற ஆளு இந்த மலையில வேற யாரு இருக்கா? சின்ன வயசுலேருந்து அதே எடத்துலதான் இடிச்சுக்கற.

– நானும் ஒண்ணு சொல்லிரணும். நீ ஏறுற நேரத்தைத் தூரிகிட்டக் கேட்டு வெச்சிருந்தேன்... இந்த லிஃப்ட் நின்னது காத்தால இல்ல. பாதி வழியில கொஞ்ச நேரம் நிறுத்திக் குடுடான்னு நான்தான் காலையில அவனுக்கு ஒரு கேக் குடுத்தேன். இவ்வளவு உயரத்துலயா நிறுத்துவான், படுபாவி! அதுவும் இவ்வளவு நேரம்...

– ஜன்னல்ல ரெண்டு டப்பா பாத்தேன்னு நீதானேண்ணா சொன்ன? நீ வர்றேன்னு தூரி நேத்தே சொல்லிட்டான்; இன்னொண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி நான் சுட்டது.